மார்ச் மாதத்துப் பச்சை

தம்பி அனுப்பிய வீடியோவை நித்திலா சிரித்துக்கொண்டேதான் திறந்தாள். அவளுடைய பழைய தோட்டக்காவலர் நாம்கியால், இப்போது தம்பி வேலை பார்க்கும் மலைச்சாலையில் டீக்கடை போட்டிருக்கிறாராம். நித்திலா மேடம் சௌக்கியமா என்று விசாரித்தாராம். போனில் கிடந்த ஒரு பழைய வீடியோவை அவளுக்கு அனுப்பச் சொன்னாராம். ஏற்காட்டில் அப்போது மணி பதினொன்று. ஆராய்ச்சி நிலையத்துக் கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி வந்திருந்தது. ஒரு கையில் பஜ்ஜி, இன்னொரு கையில் போன்.

வீடியோவில் நாம்கியால் அவளுடைய பனைத்தோட்டத்தில் நின்றார். இமயத்தின் ஒரு பள்ளத்தாக்கில், குளிரைத் தாங்குவதற்கென்றே அவள் வளர்த்த முந்நூற்றுப் பன்னிரண்டு விசிறிப்பனைகள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அடிமரம் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோல் நார். பனி கரைந்து மண் தெரிந்தது. மட்டைகள் பச்சைப்பசேலென்று இருந்தன. நாம்கியால் முதல் மரத்தை நெருங்கி, உச்சியின் நடுவில் விரியாமல் நிமிர்ந்து நிற்கும் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். குருத்து கையோடு வந்துவிட்டது. அதன் அடிப்பக்கம் அழுகிய வாழைப்பழம்போல் பழுப்புக் கூழாக இருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததிலும். ஏழாவது மரத்தில் அவர் இழுக்கக்கூட இல்லை, விரல் பட்டதும் சாய்ந்தது. மூலையில் தேதி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூன் பதினாறு.

பஜ்ஜி எப்போது கீழே விழுந்தது என்று நித்திலாவுக்குத் தெரியாது. பக்கத்து மேஜைக்காரர் என்ன மேடம் என்று கேட்டதும் தெரியாது.

பனைக்கு உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மாமரத்தில் ஒரு கிளை பட்டுப்போனால் இன்னொரு கிளை துளிர்க்கும். பனையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உச்சியின் நடுவே, ஒரு முஷ்டி அளவு வெள்ளைக் குருத்துமொட்டு. அதுதான் மரம். குளிர் அதைக் கொன்றுவிட்டாலும் மட்டைகளுக்குச் சேதி போய்ச்சேர மாதக்கணக்காகும். அதுவரை ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாகவே நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே அழுகல் ஆரம்பிக்கும். அதனால் குளிர்ப் பிரதேசத்தில் பனை வளர்க்கிறவர்கள் மட்டையின் நிறத்தை நம்புவதில்லை, குருத்தை இழுத்துப் பார்ப்பார்கள். அதையும் ஜூனில்தான் பார்க்க வேண்டும். மார்ச்சில் செத்த குருத்தும் உறைந்து கல்லாக நிற்கும், என்ன இழுத்தாலும் வராது. இதெல்லாம் நித்திலாவுக்குத் தெரியாத சங்கதியல்ல. அந்த நிலையத்தில் ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஆனால் அரசாங்கத் திட்டங்கள் ஜூனில் முடிவதில்லை. மார்ச் முப்பத்தொன்றில் முடிகின்றன. பனி எப்போது கரையும் என்று எந்த இலாகாவும் மரத்தைக் கேட்டுவிட்டு நாள் குறிப்பதில்லை. மார்ச் இருபத்தேழாம் தேதி, முழங்கால் பனியில், பச்சையாக இருந்த மரங்களை எண்ணி, '312 மரங்களில் 294 உயிருடன் உள்ளன' என்று எழுதி நித்திலா கையெழுத்துப் போட்டாள். ஏப்ரல் முதல் தேதி நிலையத்தைப் பூட்டினார்கள். அவளை ஏற்காட்டுக்கு, காப்பிச் செடிகளுக்கு மாற்றினார்கள். ஜூனில் மறுபடி பார்க்க வேண்டும் என்று அறிக்கையின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரியை யாரும் மதிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளே மறந்துபோனாள். மறந்துபோனாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டவர்கள் ஒரு தனியார் மருந்து நிறுவனத்தார். அந்தப் பனைகளுக்குள் ஏற்றியிருந்த குளிர்காப்புப் புரதத்தை மனித உடம்புக்கேற்ற ஊசியாக மாற்ற அவர்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். மைனஸ் முப்பது டிகிரியில் 294 மரங்கள் பிழைத்தன என்ற வரி அவர்களுடைய விண்ணப்பத்தின் முதுகெலும்பாக ஆனது. அனுமதி கிடைத்தது. போன நவம்பரில் நாற்பத்தேழு பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது.

நாற்பத்தேழு பேரும் ஆழ்துளை போடும் திருச்செங்கோட்டுப் போர்வண்டிக்காரர்கள். பூமியில் எந்த மூலையில் துளை போடுவதென்றாலும் அந்த ஊர் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். இந்தமுறை மலைமேல், நாலாயிரம் மீட்டர் உயரத்தில், பூமிக்கடியில் இருக்கும் வெந்நீரைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் வேலை. குளிர்காலம் முழுக்க நிறுத்தாமல் துளைக்க வேண்டும். தலைமை டிரில்லராகப் போனவன் தரணிதரன், நித்திலாவின் ஒரே தம்பி. போகலாமா வேண்டாமா என்று தயங்கியவனிடம், என் மரத்திலிருந்து வந்த மருந்துடா, தைரியமாகப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

உடனே அவனை வீடியோவில் கூப்பிட்டாள். ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் அவன் முகம் வந்தது. வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்களாம். மறுநாள் ரயில், நாலாம் நாள் ஈரோடு. அவன் மனைவி மௌனிகாவுக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

நித்திலா அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவில்லை. தாடையைப் பார்த்தாள். ஆறு மாதம் மலையில் கிடந்தவனுக்குத் தாடி இல்லை, மீசைகூட ஒழுங்கு கலையாமல் இருந்தது. காதோரத்தில் முடிவெட்டிய கோடு நவம்பரில் கோவை விமான நிலையத்தில் பார்த்த அதே கோடு.

"எப்படா சேவ் பண்ணுன?"

"நவம்பர்லக்கா," என்று சிரித்தான். "ஊசி போட்டதுலேருந்து ஒருத்தனுக்கும் முடி வளரல. நகவெட்டி பையிலயே கெடக்குது. பனிக்கு அப்படித்தான் இருக்கும்னு கேம்ப் டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாரும் மாப்பிள்ளையாட்டம் இருக்கறமேன்னு சிரிச்சுக்கறோம்."

குளிர்காலத்தில் நடுவில் யாராவது ஊருக்கு வந்தார்களா என்று கேட்டாள். அங்கப்பன் என்று ஒருவர் வந்தார் என்றான் தரணி. அம்மா செத்ததற்கு மாசி மாதம் போனவர், திருச்செங்கோட்டில் ஒன்பதாம் நாள் தானும் செத்துப்போனார். மஞ்சள் காமாலை என்றார்களாம். துக்கம் தாங்கவில்லை என்றும் சிலர் சொன்னார்களாம்.

நித்திலா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். தரணி அங்கே ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பனையின் அடிமரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் செல்கள் பழசாகிச் சாவதுமில்லை, அவற்றுக்குப் பதிலாகப் புதிது பிறப்பதுமில்லை. நூறு வருஷத்து மரத்தில் நூறு வருஷத்துச் செல்லே உட்கார்ந்திருக்கும். பிறப்பதெல்லாம் உச்சிக் குருத்தில் மட்டும்தான். அந்தப் புரதம் பழைய செல்லை ஆயிரம் குளிருக்கும் காப்பாற்றும், குருத்தைக் காப்பாற்றாது. மனித உடம்பிலோ குருத்து ஓரிடத்தில் இல்லை. எலும்புக்குள், குடலுக்குள், தோலுக்கடியில் என்று எங்கெங்கும் புது செல் பிறந்துகொண்டேயிருக்கும். அதெல்லாம் இவர்களுக்கு நவம்பரிலேயே நின்றுபோயிருக்கிறது. வளர்ச்சி என்பதே முடிந்துவிட்டது. நவம்பர் மாதத்து ரத்தம்தான் இன்னமும் ஓடுகிறது, நவம்பர் மாதத்துக் குடல்தான் சோற்றைச் செரிக்கிறது. குளிரில் அந்தப் புரதம் கெடாதிருக்கும்வரை அவை சாகாமல் தாங்கும். வெயிலில் புரதம் உடைந்தால் மிச்சமிருப்பது ஒன்றுமில்லை. பச்சையாக நிற்கும் நாற்பத்தாறு பேர் நாற்பது டிகிரி ஈரோட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். எழுந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவினாள்.

திரும்பி வந்து போனை எடுத்தபோது அவன் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.

"தரணி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லு. திரும்பி மேல போங்க. யாரும் கீழ இறங்கக் கூடாது."

அவன் விளையாட்டு என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நினைப்பை மாற்றிக்கொண்டான். அவள் அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னாள். மார்ச் இருபத்தேழைச் சொன்னாள். அங்கப்பனைச் சொன்னாள்.

"நீ கையெழுத்துப் போட்டியே, அன்னிக்குக் குருத்த இழுத்துப் பாத்தியா?"

"மார்ச்ல இழுத்தா வராதுடா. ஜூன்லதான் தெரியும்."

"அப்ப ஜூன் வரைக்கும் ஏன் நிக்கல?"

மார்ச் முப்பத்தொன்று என்பது ஒரு காரணமாக அவளுக்கே அப்போது தோன்றவில்லை. ஒரு வரி எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போய் வீடு பார்த்து, கேஸ் இணைப்பு மாற்றி, அந்த வரியை மறந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

"எனக்கும் உள்ள போயிருச்சாக்கா?" என்று தரணி கேட்டான். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான், பின்சீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

இங்கேதான் நித்திலா தன் வாழ்க்கையின் இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள் என்று சொல்ல வேண்டும். முழுசாகச் சொல்லியிருக்கலாம். உன் உடம்பில் இனி எதுவும் வளராதுடா, புதிதாக ஒரு துளி ரத்தமும் ஊறாது என்று. பிறக்கப்போகும் குழந்தையை நினைத்து முகம் மலர்ந்திருந்தவனிடம் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. பாதியை மட்டும் சொன்னாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. வெயில் மட்டும் ஆகாது. குளிர்லயே இருந்தா போதும்."

அவன் நம்பினான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. அதற்குள் பஸ்ஸில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்து நிற்காமல் கொட்ட, தரணியே முன்னால் போய் வண்டியை நிறுத்தித் திருப்பச் சொன்னான். நாற்பத்தாறு பேரும் மலையேறிவிட்டார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தது. மேலே போனதும் ரத்தம் நின்றுவிட்டதாம். நித்திலா அன்றைக்குத்தான் முதல்முறையாக உரக்க அழுதாள்.

அடுத்த மூன்று நாளில் ஒரு அறிக்கை எழுதினாள். நாலு பக்கம். இந்தமுறை யாரும் கடைசி வரியைப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால், அவசரமானதை முதல் வரியாகப் போட்டாள்: 'ஊசி போட்டுக்கொண்டவர்கள் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை உயிருக்கு ஆபத்து இல்லை. அதற்கு மேல் ஒருநாளும் வரக் கூடாது.' ஆபத்து இல்லை என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயமல்ல. தம்பியைக் காப்பாற்றும் அவசரத்தில், ஐயத்துக்கு இடம் வைத்தால் அதிகாரிகள் கூட்டம் போட்டே காலத்தைக் கழித்துவிடுவார்கள் என்ற பயத்தில், அப்படி அடித்துச் சொன்னாள். வளர்ச்சி நின்றுபோவதைப் பற்றியதெல்லாம் நாலாம் பக்கத்தில், முறையான ஆங்கிலத்தில், விளக்கமாக இருந்தது.

விசாரணைக் குழு ஆச்சரியமான வேகத்தில் வேலை செய்தது. நாற்பத்தாறு பேரையும் நிரந்தரமாகக் குளிரில் வைத்துப் பராமரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. நித்திலாவுக்கு மூச்சு வந்தது. ஜூன் நடுவில், நிறுவனத்தின் விஞ்ஞானத் தலைவர் ஜெயசிம்மன் ஏற்காட்டுக்கே வந்து அவளைப் பார்த்தார். முன்பு அவளுக்கு மேலதிகாரியாக இருந்து, பனை நிலையத்தைப் பூட்டியவர் அவர்தான். சண்டைக்கு வருகிறார் என்று எதிர்பார்த்தவளுக்கு, கொடைக்கானல் பேரிக்காய் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார்.

நிறுவனம் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். குளிர்காலத்துக்கு ஆள், கோடைக்கு ஆள் என்று மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதுதான் மலையில் பெரிய தலைவலியாம். இனி அது கிடையாதாம். மலைமேலேயே வீடு, பள்ளிக்கூடம், கடை எல்லாம் கட்டுகிறார்களாம். இன்னும் நானூறு பேருக்கு ஊசி போட விண்ணப்பித்திருக்கிறார்களாம்.

நித்திலா பேரிக்காய்க் கூடையைத் தள்ளிவைத்தாள். "ஊரைப் பார்க்கவே முடியாத ஆளுங்க நானூறு பேரா?" என்று கேட்டாள்.

"பத்து டிகிரிக்குக் கீழ ஆபத்தே இல்லைன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க. முதல் வரியே அதுதான். நாங்க உங்க அறிக்கையைத்தான் ஆதாரமா வெச்சிருக்கோம்."

நாலாம் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டாள். படித்தோம், அதற்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கிறோம் என்றார். அவர் போனபிறகு பேரிக்காய்க் கூடையைத் தூக்கி அப்படியே குப்பையில் கொட்டினாள். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

மௌனிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மலையில் போன் வழியாகத் தரணி அதைப் பார்த்து அழுதான், சிரித்தான், பெயர் வைக்க அக்காவைக் கேட்டான். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனதும் மௌனிகா பெட்டியைக் கட்டினாள். நிறுவனத்தின் புதுக் குடியிருப்பில் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார்கள். கோடையிலும் பகலில் பத்து டிகிரியைத் தாண்டாத இடம் அது. ஊசி போடாதவர்கள் செப்டம்பரில் பனி விழுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது விதி. ஒன்றரை மாதமாவது அப்பன் மகளைத் தூக்கிக் கொஞ்சட்டும் என்று நித்திலாவும் தடுக்கவில்லை. விமான நிலையத்தில் குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

செப்டம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்க, ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு மத்தியானம் நித்திலாவே கூப்பிட்டாள். மௌனிகா எடுத்தாள். சமையல் வேலையாக இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. ரொம்ப உற்சாகமாக இருந்தாள்.

"டிக்கெட்டெல்லாம் வேண்டாங்கண்ணி. நாங்க இனி இங்கயேதான். நேத்து எனக்கும் பாப்பாவுக்கும் போட்டுட்டாங்க."

நித்திலாவுக்கு முதலில் புரியவில்லை. தடுப்பூசியைச் சொல்கிறாளோ என்று நினைத்தாள். என்ன போட்டார்கள் என்று கேட்டாள்.

"குளிரூசிதானுங்க. போன வாரம் அனுமதி வந்துருச்சு, குடும்பத்துக்கும் போடறாங்க. இவருக்குச் சொல்லாம நானே கூட்டிட்டுப் போயிட்டேன், சிப்டு முடிஞ்சு வந்து பாத்துட்டுத் திகைச்சுப்போயிட்டாரு. நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரை டாக்டர் காமிச்சாருங்க. ஆபத்து இல்லைன்னு முதல்லயே போட்டிருக்குதே. எங்க அண்ணி எழுதுனதுதாங்கன்னு நான் பெருமையா சொன்னேன். பாப்பா அழுகவே இல்லீங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு நித்திலா தரையில் உட்கார்ந்தாள். தரை ஜில்லென்றிருந்தது மட்டும் தெரிந்தது.

திரையில் தரணி வந்தான். மகளைத் தோளில் போட்டிருந்தான். குழந்தை பொக்கை வாயைத் திறந்து கேமராவைப் பார்த்தது. மூன்று மாதம். கழுத்து அப்போதுதான் நிற்க ஆரம்பித்திருந்தது.

"பாத்தியாக்கா, இனி பிரியவே வேண்டாம்," என்றான். "நேத்து ஊசிக்கு முன்னால எடை போட்டாங்க. அஞ்சே கால் கிலோ. நல்ல எடைதானே?"

நல்ல எடைதான். அடுத்த வருஷமும் அதே அஞ்சே கால் கிலோதான் இருக்கும், அதற்கடுத்த வருஷமும். அந்த வாயில் பல் முளைக்காது. மலையில் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு அது நடந்து போகாது. தரணிக்கு நரைக்கிற வயது வந்தாலும் நரைக்காமல் அவன் அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டிருப்பான். மே மாதம் பஸ்ஸில் வைத்துச் சொல்லாமல் விழுங்கிய பாதி அது. அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருந்தால் வீட்டில் மௌனிகாவுக்கும் தெரிந்திருக்கும், நேற்றைக்கு அவள் அந்த அறைக்குப் போயிருக்க மாட்டாள்.

"ஏன்க்கா, தரையில உக்காந்திருக்க?" என்றான் தரணி.

நித்திலா சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"பாப்பாவ மௌனிகாகிட்டக் குடு," என்றாள். "குடுத்துட்டு நீ மட்டும் கொஞ்சம் வெளிய வா."